அரிவாள்மணைக்குத் தப்பிய அரும்புகள்

வெங்காயத்தின் அடி, முள்ளங்கியின் கொண்டை, புதினாவின் காம்பு, அன்னாசியின் முடி, முளைவிட்டதால் ஒதுக்கிய உருளைக்கிழங்கு, சுருங்கிப்போன இஞ்சித் துண்டு ஆகிய எல்லாவற்றுக்கும் அடுக்களையில் கழிவு என்ற ஒரே பெயர்தான். செடியியலின் கண்கொண்டு நோக்கினால் இவை ஒரு தன்மையன அல்ல. சில உண்மையிலேயே முடிந்துபோனவை. எருவாவதன்றி அவற்றுக்கு வேறு வழியில்லை. வேறு சிலவோ முழுச் செடியொன்றை மீண்டும் எழுப்பவல்ல உறுப்பைத் தம்முள் கொண்டவை. இவற்றைப் பிரித்தறியாதவர்தாம் கேரட்டின் தலையை நீரில் நிறுத்திவிட்டுப் புதுக் கேரட்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

பறித்த காயோ கிழங்கோ உடனே இறந்துவிடுவதில்லை. செடியை விட்டுப் பிரிந்த பின்னும் அதன் உயிரணுக்கள் மூச்சு விடுகின்றன. சேமித்த மாவையும் இனிப்பையும் சிறிது சிறிதாய் எரித்து, கரிவளியையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. கிழங்கு மூட்டைகளை அடுக்கும் கிடங்குக்குக் காற்றோட்டம் வேண்டுவது இதனால்தான். ஆயினும் மூச்சு விடுதல் வேறு, வளர்தல் வேறு. அரிந்த கத்தரிக்காய்த் துண்டும் சில காலம் மூச்சு விடும். எத்தனை நாள் காத்தாலும் அது செடியாகாது. வளர்ச்சிக்கு ஆக்குத்திசு வேண்டும். ஓயாமல் பிரிந்து பெருகும் ஆற்றலை இழக்காத இளம் உயிரணுக்களின் சிறு திரளே ஆக்குத்திசு. தண்டின் நுனியிலும் வேரின் நுனியிலும் அது உண்டு. ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டாகவும் அது ஒடுங்கிக் கிடக்கிறது. நுனி மொட்டு உயிரோடு இருக்கும் வரை அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஆக்சின் என்னும் வளரூக்கி கோண மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனியை வெட்டினால் அடக்கம் தளரும். அருகிலுள்ள மொட்டு விழித்துக் கிளையாகும். ஆகவே அரிந்து ஒதுக்கிய துண்டு எதுவாயினும் அதனிடம் கேட்கவேண்டிய வினா ஒன்றே: உன்னிடம் ஒரு மொட்டேனும் தங்கியிருக்கிறதா?

பெரிய வெங்காயம் ஒன்றை மேலிருந்து கீழாக நேர்பாதியாய் அரிந்து பாருங்கள். வேர்க்கற்றைக்குச் சற்று மேலே தட்டையான, கெட்டியான பகுதி ஒன்று தெரியும். வெங்காயத்தின் தண்டு முழுவதும் அவ்வளவே. அதன்மேல் ஒன்றையொன்று போர்த்தி நிற்கும் சதைப்பற்றான அடுக்குகள் எல்லாம் இலைகளின் அடிப்பாகங்கள். செடி தன் உணவை அவற்றில் சேர்த்து வைத்திருக்கிறது. நட்டநடுவில், எல்லா அடுக்குகளின் காப்புக்குள்ளும், வெளிர்பச்சை நிறத்தில் ஒரு சிறு கூர்முனை நிற்கும். அதுவே நுனி மொட்டு. சில வெங்காயங்களில் இத்தகைய முனைகள் இரண்டு மூன்று இருக்கும். அவை பருக்கத் தொடங்கிய கோண மொட்டுகள். அடிப்பகுதியை மெல்லியதாய்ச் சீவி எறிபவர் வேரை மட்டுமே எறிகிறார். மொட்டு குழம்புக்குப் போய்விடுகிறது. ஒரு விரற்கடை உயரம் விட்டு அரிந்தால் தண்டும் மொட்டும் ஒருசேரத் தப்பும். அதை ஈரமண்ணில் பதித்தால் ஓரிரு வாரத்தில் பச்சைத் தாள் எழும்.

வெங்காயத்தாளின் வளர்ச்சி இன்னும் விரைவானது. வேரோடு கூடிய வெண்ணிற அடியை இரு விரற்கடை அளவு விட்டு, வேர் நனையும் அளவு நீரில் நிறுத்தினால், உள்வட்ட இலைகள் வெளிவட்டத்தை விஞ்சி உயர்ந்திருப்பதை மறுநாளே காணலாம். இங்கே உற்றுநோக்கத் தக்கது இலையின் நுனி. நாம் வெட்டிய தட்டையான வாய் அப்படியே இருக்கிறது. இலை மட்டும் நீண்டிருக்கிறது. வெங்காய இலையின் ஆக்குத்திசு நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆடுமாடு மேய மேயப் புல் தழைப்பதும் இந்த அமைப்பினால்தான்.

ஆனால் வெறும் நீரில் எழும் இந்தப் பசுமை பெரும்பாலும் பழைய சேமிப்பின் செலவு. தூய நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இல்லை. இரண்டு மூன்று முறை அறுத்ததும் தாள் நூல்போல் மெலிந்துவிடும். மண்ணும் வெயிலும் கிடைத்தால்தான் செடி ஈட்டி உண்ணும். கிண்ணத்து நீரில் அது இருப்பை எடுத்தே உண்கிறது. நீரில் தோன்றும் வேர்களில் வேர்த்தூவிகளும் குறைவு. ஆதலால் வேர் விரலளவு நீண்டவுடனே மண்ணுக்கு மாற்றிவிடுவது நன்று. நீரிலேயே நெடுநாள் பழகிய வேர் மண்ணில் திணறும்.

நம் நாட்டுச் சின்ன வெங்காயம் இவ்வகையில் தனிச்சிறப்புடையது. பெரிய வெங்காயத்தை மீண்டும் நட்டால், குளிர் வாய்க்கும் இடங்களில், அது பூத்தண்டு விட்டு விதைக்கு முந்தும்; மற்றொரு பெருவெங்காயம் கிடைப்பது அரிது. சின்ன வெங்காயமோ தன் கோண மொட்டுகளையெல்லாம் எழுப்பிக் கொத்தாகப் பிரியும். உழவர் காலங்காலமாக அதைக் காயாகவே நட்டு வருகின்றனர். கூடையின் அடியில் முளைத்துக் கிடக்கும் ஒன்றைத் தொட்டியில் ஊன்றினால் இரண்டு திங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு கொத்து கிடைக்கும். பூண்டுப் பல்லும் ஒரு கோண மொட்டே. பயிரிடும் பூண்டு பெரும்பாலும் விதை பிடிக்காத மலடு. பல்லை நட்டே மாந்தர் அதைப் பல்லாயிரம் ஆண்டுகள் காத்து வந்துள்ளனர். எனினும் பூண்டு திரள்வதற்குக் குளிர் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மலையில் விளைவது அதனால்தான். வெப்பம் மிகுந்த சமவெளியில் ஊன்றிய பல் மணமுள்ள தாளைத் தரும். புதுப் பூண்டைத் தராது. அந்தத் தாளும் துவையலுக்கு ஆகும்.

இனி, ஏமாற்றம் மிகுந்த கேரட்டுக்கு வருவோம். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றில் நாம் உண்பது உணவு சேர்ந்து பருத்த ஆணிவேர். ஆணிவேர் விதையின் முளைவேரிலிருந்து ஒரே ஒருமுறை தோன்றுவது. தலைப்பகுதியில், இலைகள் தோன்றும் இடத்தில் மட்டும், கட்டைவிரல் நகத்தளவு குறுந்தண்டு இருக்கிறது. அதை நீரில் வைத்தால் அங்குள்ள மொட்டுகள் இலை விடும். பக்கத்தில் சல்லி வேர்கள் சில ஓடும். பருத்த வேர் மீண்டும் திரளாது. பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் கீரையாகும் என்பதால் உழைப்பு முழுதும் வீணில்லை. முள்ளங்கியை மண்ணில் பூக்கவிட்டால் அதன் பிஞ்சு நெற்றுகளும் உண்ணத் தக்கவை. முட்டைக்கோசின் அடித்தண்டும் இப்படித்தான்: ஒற்றைப் பெருங்கோசு வராது, கோண மொட்டுகளிலிருந்து சிறு தழைகள் வரும்.

வியப்பு என்னவெனில், அறிவியல் வரலாற்றில் வேரின் துணுக்கிலிருந்து முழுச் செடியை எழுப்பிக் காட்டியதும் இதே கேரட்டை வைத்துத்தான். செடியின் ஒவ்வோர் உயிரணுவும் முழுச் செடியாகும் ஆற்றல் உடையது என்னும் கருத்தை ஆத்திரிய அறிவியலாளர் காட்லீப் ஹேபர்லாண்ட் 1902இல் முன்வைத்தார். செய்து காட்ட அவரால் இயலவில்லை. 1957இல் ஸ்கூக், மில்லர் என்னும் இருவர் புகையிலைத் திசுவைக் கொண்டு ஓர் உண்மையை நிறுவினர். ஆக்சின் மிகுந்து, சைட்டோகைனின் என்னும் மற்றொரு வளரூக்கி குறைந்தால் திசு வேர்விடும். சைட்டோகைனின் மிகுந்தால் தளிர்விடும். இரண்டும் ஒத்திருந்தால் வடிவமற்ற திரளாகவே பெருகும். அடுத்த ஆண்டில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்டும் உடன் பணிபுரிந்தோரும், கேரட் வேரின் உணவுக்குழாய்த் திசுவை நுண்துணுக்குகளாக்கி, ஊட்ட நீர்மத்தில் சுழலவிட்டு, பிரிந்த உயிரணுக்களிலிருந்து வேரும் இலையும் உள்ள செடிகளைப் பெற்றனர். அந்த நீர்மத்தில் அவர்கள் சேர்த்த இன்றியமையாப் பொருள் தேங்காய் நீர். தென்னை தன் கருவை வளர்க்கச் சேர்த்து வைக்கும் அந்த நீரில் சைட்டோகைனின்கள் நிறைந்திருப்பதே அதன் வலிமை. ஹேபர்லாண்டின் கருத்து இவ்வாறு மெய்யானது. ஆனால் அதற்குக் கிருமி நீக்கிய குடுவையும் அளந்து கலந்த ஊட்டமும் தேவை. வீட்டுத் திண்ணையில் மொட்டில்லாத துண்டு அழுகத்தான் செய்யும்.

வேர்விடும் செயலுக்கு வருவோம். புதினாக் கட்டு வாங்கினால் இலையை ஆய்ந்துவிட்டுக் காம்பை எறிகிறோம். கணுக்கள் உள்ள காம்பின் கீழிலைகளை மட்டும் நீக்கி, ஒரு கணுவேனும் நீருக்குள் இருக்கும்படி நிறுத்தினால், சில நாள்களில் அந்தக் கணுவைச் சுற்றி வெண்ணிற வேர்முனைகள் துளைத்து வரும். வேரிலிருந்தன்றித் தண்டிலிருந்து தோன்றுவதால் இவற்றை வேற்றிட வேர்கள் என்பர். நுனியிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் வெட்டுவாயில் வழி அடைபட்டுத் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் வேர் பிறக்கிறது. செருமானிய அறிஞர் வோக்டிங் 1878இல் வில்லோ மரக் குச்சிகளைக் கொண்டு இதன் ஒரு கூற்றைக் காட்டினார். குச்சியைத் தலைகீழாய்த் தொங்கவிட்டாலும் மரத்தில் இருந்தபோது எது அடியோ அங்கேதான் வேர் மிகுந்தது. மேல் எது, கீழ் எது என்பதைத் தண்டு மறப்பதில்லை. ஆகவே காம்பைத் தலைமாற்றி ஊன்றாதீர்கள். கொடிப்பசலையும் பொன்னாங்கண்ணியும் புதினாவைப் போலவே எளிதில் வேர்விடும்; கீரைக்காரரிடம் வாங்கிய ஒரு கட்டே ஒரு தொட்டிக்கு நாற்றாகும்.

கறிவேப்பிலை இந்த வரிசையில் சேராது. கடையில் கிடைக்கும் ஈர்க்கு பெரும்பாலும் தண்டே அன்று. பல சிற்றிலைகள் கொண்ட ஒரே கூட்டிலை. இலைக்கு மொட்டு இல்லை. கறிவேப்பிலை வேண்டுவோர் விதையையோ, மரத்தடியில் வேரிலிருந்து எழும் கன்றையோ நாடுவதே நேரிய வழி.

மண்ணுக்குள் வாழும் தண்டுகளே இத்துறையில் நம்பத்தக்கவை. இஞ்சியும் மஞ்சளும் கிடைமட்டமாய் ஓடும் தண்டுகள்; அவற்றின்மேல் வளையம் வளையமாய்த் தெரியும் கோடுகள் கணுக்கள்; கணுவில் புடைத்திருக்கும் முகடு மொட்டு. மஞ்சளின் குரோமோசோம்கள் மும்மூன்று தொகுதியாய் அமைந்தவை. அவை இரண்டாய்ச் சரிவரப் பிரிய முடியாமையால் மஞ்சள் இயல்பாக விதை வைப்பது மிக அரிது; கிழங்கே அதன் வித்து. இரண்டு விரற்கடை நீளமுள்ள, மொட்டுடைய இஞ்சித் துண்டைச் சித்திரை வைகாசியில், நீர் தேங்காத, தொழுவுரம் கலந்த மண்ணில் மேலாகப் பதித்தால், எட்டு ஒன்பது திங்களில் பன்மடங்காய்த் திரும்பி வரும். அரைநிழலில் நன்கு வளர்வதால் மாடியில்லாத வீட்டுக்கும் ஏற்றது. சந்தை இஞ்சியில் அழுகல் நோயும் வாடல் நோயும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டி வரும். மென்மையாய் அமுங்கும் துண்டைத் தொட்டிக்குள் விடவே கூடாது.

உருளைக்கிழங்கின் கண் என்பது ஒரு கணு. கண்ணுக்குமேல் புருவம்போல் வளைந்த கீற்று இலையின் தழும்பு. குழிக்குள் இருப்பவை மொட்டுகள். கிழங்கை உருட்டிப் பார்த்தால் இக்கண்கள் திருகு வரிசையில் அமைந்து ஒரு முனையில் நெருங்கியிருக்கும். அம்முனையே தண்டின் நுனி. முதல் முளையும் அங்கேயே. துண்டாக்கினால் பிற கண்களும் விழிக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும் வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, பிறகே நடவேண்டும். இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழிருந்தால் கிழங்கு நன்கு கட்டும். சென்னையின் வைகாசியில் நட்டவர் இலையைத்தான் அறுவடை செய்வார். கிழங்கை விட்டுவிட்டு அதன் தழையை உண்ணலாம் என்றும் எண்ண வேண்டா. உருளைச் செடியின் இலை, முளை, பச்சைநிறம் ஏறிய தோல் மூன்றிலும் சொலனின் என்னும் நஞ்சு உண்டு. வேகவைப்பதால் அது நீங்கிவிடாது.

முளைக்கவேண்டிய கிழங்கு முளைக்காமலே அழுகினால் குறை உங்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம். கிடங்குகளில் முளையடக்கி மருந்து தூவப்படுவதுண்டு. மகாராட்டிரத்தின் லாசல்காவில் 2002 முதல் வெங்காயத்துக்குக் காமாக் கதிர் பாய்ச்சும் நிலையம் இயங்குகிறது. அக்கதிர் மொட்டின் உயிரணுக்கள் பிரியும் திறனை அழிக்கிறது. உண்பதற்கு இடையூறில்லை, நடுவதற்கு மட்டும் ஆகாது.

வீட்டுத் தொட்டியில் வைப்பதைத் தோட்டத்துக்கோ வயலுக்கோ கொண்டுசெல்லலாமா என்று கேட்பவர்க்கு என் விடை, உருளையைப் பொறுத்தவரை, கூடாது என்பதே. ஒரே கிழங்கிலிருந்து வந்த பயிரெல்லாம் மரபில் ஒன்று. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும்பஞ்சம் அந்த ஒருமையின் விளைவை உலகுக்குக் காட்டியது. நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு கிழங்கிலும் அதில் ஒட்டிய மண்ணிலும் பரவுவது. அதன் முட்டைகள் பயிரில்லாமலே பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். மலைப்பகுதியில் நிலம் வைத்திருப்போர் சந்தைக் கிழங்கை விதையாக்குவது அண்டை நிலத்துக்கும் செய்யும் தீங்கு.

கிழங்கு என்ற பெயர் கொண்டவையெல்லாம் தண்டும் அல்ல. சர்க்கரைவள்ளி பருத்த வேர்; எனினும் வேரிலேயே புதுமொட்டுகளை உண்டாக்கும் அரிய திறன் பெற்றது. ஆதலால் முளைத்த வள்ளியைப் பதித்து, எழும் கொடிகளை வெட்டி நடலாம். மரவள்ளியும் பருத்த வேரே. அதற்கு அத்திறன் இல்லை. உழவர் அதன் குச்சியையே நடுகின்றனர். சேம்பும் சேனையும் தண்டுக்கிழங்குகள், அவற்றில் ஐயமில்லை.

அன்னாசியின் முடியைப் பற்றிச் சில சொற்கள். பழத்தின் நடுவே ஓடும் கெட்டித் தண்டு மேலே தொடர்ந்து முடியாக விரிகிறது. முடி ஓர் ஆயத்தமான செடி. அதைத் திருகி எடுத்து, அடியிலுள்ள சதையை முற்றும் நீக்கி, கீழிலைகள் சிலவற்றை உரித்தால், தண்டின்மேல் பழுப்பு நிறப் புள்ளிகள் தெரியும். அவை புறப்படக் காத்திருக்கும் வேர்கள். சில நாள் உலர்த்தி மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் பிழைக்காதது குறைவு. கனி வர இரண்டு ஆண்டுகளேனும் ஆகும். பொறுமையிழந்தோர்க்கு ஒரு வழி உண்டு. அசோர்சுத் தீவுகளில் 1874இல் கண்ணாடி மனைக்குள் சூழ்ந்த புகையால் அன்னாசிகள் ஒருசேரப் பூத்தன. புகையில் இருந்த எத்திலீன் வளியே பூக்கச் செய்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பழுத்த வாழைப்பழமும் எத்திலீன் விடுவது. நன்கு வளர்ந்த செடியின் மேல் உறையிட்டு, உள்ளே இரண்டு கனிந்த பழங்களைச் சில நாள் வைத்திருந்தால் பூக்க வாய்ப்பு மிகும்.

கனியின் விதையை ஊன்றுவோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். மொட்டிலிருந்து வருவது தாயின் நகல். விதையிலிருந்து வருவது புதிய கலவை. சந்தைத் தக்காளி பெரும்பாலும் கலப்பின வகை. அதன் விதையில் எழும் செடிகள் ஒன்றுபோல் ஒன்று காய்க்காது. ஒட்டு மாங்கொட்டையும் தாயின் சுவைக்கு உறுதி சொல்லாது. தக்காளி விதையைச் சுற்றிய வழுவழுப்பும் பப்பாளி விதையின் சவ்வுறையும் முளைப்பைத் தடுப்பவை. தேய்த்துக் கழுவி உலர்த்தினால் தடை நீங்கும். பலாக்கொட்டைக்கு இதன் மறுதலை: உலர்ந்தால் உயிர் போய்விடும், ஈரம் காயுமுன் ஊன்றவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சாளரத் திட்டில் வரிசையாய் வைத்த கிண்ணங்களில் தேங்கும் தெளிந்த நீர், டெங்குவைப் பரப்பும் ஏடிசுக் கொசு முட்டையிட விரும்பும் இடம். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளே போதும். நாள்தோறும் நீரை மாற்றுங்கள்; கிண்ணத்தின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள், முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும்.

இத்தனையும் சொன்ன பின், இந்தக் கலையில் தமிழர் எட்டிய உயரம் பனையில்தான் என்பது என் துணிபு. ஆவணி, புரட்டாசியில் உதிரும் பனம்பழத்தைச் சுட்டுச் சப்பி எறிந்த கொட்டைகளை, பொலபொலத்த மணற்பாத்தியில் நெருக்கி அடுக்கி மண்மூடுவார்கள். முளை மேல்நோக்கி வராது. கொட்டையின் ஓரத்தைத் துளைத்து வெளிவரும் குழாய்போன்ற வித்திலைக் காம்பு, உள்ளிருக்கும் இளஞ்செடியைத் தன்னோடு சுமந்து, மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கும். வறண்ட நிலத்தில் பிறக்கும் மரத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. அதே வேளையில் கொட்டைக்குள் வேறொன்று நிகழ்கிறது. இளமையில் நுங்காய் நாம் உறிஞ்சிய அதே பொருள் முதிர்ந்து கல்லாய் இறுகியிருக்க, வித்திலையின் மறுமுனை பஞ்சுபோல் விரிந்து அக்கல்லைக் கரைத்து உறிஞ்சுகிறது. கொட்டையைப் பிளந்து நாம் தின்னும் தவுன், யாழ்ப்பாணத்தார் சொல்லும் பூரான், அந்த உறிஞ்சுறுப்புத்தான். உறிஞ்சிய உணவு கீழிறங்கி மாவாகச் சேர்ந்து பனங்கிழங்காகிறது. மூன்று நான்கு திங்களில், பொங்கலை ஒட்டி, தோண்டி எடுத்து மஞ்சளும் உப்பும் இட்டு அவிக்கலாம். யாழ்ப்பாணத்தில் அதைப் பச்சையாய்க் கிழித்து உலர்த்தி ஒடியலாக்குவர், அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாக்குவர். ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுவர். தின்று எறிந்ததிலிருந்து மீண்டும் தின்னும் பொருளை, அதுவும் மாவுச்சத்து நிறைந்த முழு உணவை, பெறும் வழி இதைவிடச் சிறந்ததாய் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மாடிவீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு முழத்துக்கு மேல் ஆழமுள்ள சாக்கில் மணல் நிரப்பி, கொட்டைகளை மேலாக நெருக்கி வைத்து, நான்கு விரல் மண்மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். வரும் ஆவணியில் பனம்பழம் கிடைத்தால் கொட்டையை எறியாதீர்கள். நிலம் உள்ளவர்கள் இரண்டு மூன்று கிழங்குகளைத் தோண்டாமல் விட்டுவையுங்கள். அவை ஆண்பனைகளா பெண்பனைகளா என்பது பூக்கும்போதுதான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.